பலகையில் இருந்த பெருவிரல்

காலையில், ஃபைபருக்குப் பூசுகிற ரெசின் பசை டப்பாவின் மூடியை நெம்பித் திறந்தேன். அந்த வாடை மூக்கில் ஏறியதும் நீ வந்துவிட்டாய். செத்துப்போன நண்பன் மற்றவர்களுக்குப் பூ வாசனையோடு ஞாபகம் வருவானாயிருக்கும். எனக்கு நீ இந்தத் தலையைக் கிறுகிறுக்க வைக்கும் நாற்றத்தோடுதான் வருகிறாய். முன்பெல்லாம் நீ வந்தால் எனக்குச் சிரிப்பு வரும். இப்போது முகத்தைத் திருப்பிக்கொள்ளத் தோன்றுகிறது. உனக்கு ஒரு கெட்ட காரியம் செய்துவிட்டேன், அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். நேராகச் சொல்ல வாய் வரவில்லை. கொஞ்சம் சுற்றித்தான் வருவேன், பொறுத்துக்கொள்.

வளைகுடாவில் ஒரே கம்பெனியில் ஃபைபர் தண்ணீர்த் தொட்டி செய்தவர்கள் நாம். ஊருக்குத் திரும்பியபின் நீ உன் கடற்கரை ஊரான இனயத்தில் ஃபைபர் வள்ளம் கட்டப் போனாய். நான் தக்கலைப் பக்கம் வயலையும் பெயின்ட் கடையையும் பார்த்துக்கொண்டேன். ஒருநாள், கரைவலையில் சிக்கிய உடைந்த சர்ஃப் பலகை ஒன்றை ஆட்டோ மேல் கட்டிக்கொண்டு என் வீட்டு வாசலில் வந்து இறங்கினாய். என் மனைவி எட்டிப் பார்த்து, "அண்ணே, இது என்னது, துணி தேய்க்கியதா?" என்று கேட்டாள்.

"இல்ல தங்கச்சி, கடலுக்க மேல ஏறி நிக்கியது. வெள்ளக்காரன் நிக்கான்லா, நம்ம பிள்ளையளும் நிக்கட்டு."

உங்கள் ஊரில் வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே ஆள் ஒருக்களித்துப் போகத்தான் இடம். மாடு விற்றபின் சும்மா கிடந்த எங்கள் தொழுவம் அப்படித்தான் நம்முடைய பட்டறை ஆனது. பலகைக்குள் ஈரம் குடித்த நுரையை வெட்டி எடுத்தோம், புதிய நுரை வைத்து ஒட்டினோம், கண்ணாடி இழைத் துணி போர்த்தி ரெசின் பூசினோம். பிரஷ் உனக்கு இடது கையில், எனக்கு வலது கையில். ஒரே பலகையில் தோளோடு தோள் நின்று வேலை செய்தாலும் முழங்கை முட்டியதில்லை.

அது சரியாக வந்ததும் நமக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. புதுசாகவே ஒன்று செய்வோம் என்றாய். மீன் பெட்டி செய்கிற தெர்மாகோலைப் பெரிய துண்டாக வாங்கி வந்து, ஒரு வாரம் செதுக்கி, அதன்மேல் வள்ளத்துக்குப் பூசுகிற அதே ரெசினைப் பூசினோம். வாழ்நாள் முழுக்க ஃபைபரில் கிடந்த இரண்டு பேர். அந்த ரெசின் தெர்மாகோலைத் தின்றுவிடும் என்று இருவருக்குமே தெரியவில்லை, ஏனென்றால் வள்ளத்திலும் தொட்டியிலும் தெர்மாகோலுக்கு என்ன வேலை? மேலே கண்ணாடி மாதிரி பளபளவென்று இருந்தது. நான் மெய்மறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். நீ வழக்கம்போல, காய்ந்ததா என்று பெருவிரலை வைத்து அமுக்கினாய். விரல் உள்ளே போய்விட்டது. உள்ளே ஒன்றுமே இல்லை, வெறும் பொந்து.

"லேய் மக்கா, நம்மள மாதிரியே இருக்கு பாத்தியா? வெளிய மட்டுந்தான் மினுக்கம்" என்றாய். சிரித்துச் சிரித்து எனக்கு விக்கல் வந்துவிட்டது.

அந்தப் பெருவிரல்தான் நமக்குள் தீராத சண்டை. ரெசின் இறுகுவதற்குள் தொட்டுப் பார்க்காவிட்டால் உனக்கு இருப்புக் கொள்ளாது. பிறகு சரியான நுரையில் செய்த எந்தப் பலகையாக இருந்தாலும் எங்கேயாவது ஒரு குழி விழுந்திருக்கும். "கைய வச்சிட்டு சும்மா கெடலேய்" என்று நான் கத்துவேன். மறுநாள் உப்புத்தாளை எடுத்துக்கொண்டு உன் குழிகளைத் தேடித் தேடித் தேய்த்து எடுப்பேன். நாம் செய்த பலகைகளில் உன் விரல் மிஞ்சிய பலகை ஒன்றே ஒன்றுதான். உன் மகள் ஜெனிக்குச் செய்தது. அவள் பிறந்தநாளுக்கு முன்னால் முடிக்க வேண்டும் என்ற அவசரத்தில், வாலருகே விழுந்த குழியை நான் தேய்ப்பதற்குள் நீ தூக்கிக்கொண்டு ஓடிவிட்டாய்.

ஊர்த் திருவிழாவுக்குக் கொடி ஏறிய மறுநாள் உனக்கு நெஞ்சு வலித்தது. ஆஸ்பத்திரி வாசல்வரை பேசிக்கொண்டே போனாய் என்றார்கள். அடக்கம் முடிந்து சில மாதம் கழித்து ஜெனி மறுபடி கடலில் இறங்கினாள். இறங்குமுன் நெற்றியில் சிலுவை போட்டு, பலகையின் வாலில் உன் குழியில் தன் பெருவிரலை வைத்து ஒரு நிமிடம் நிற்பாள். நானே கரையில் நின்று பார்த்திருக்கிறேன்.

போன மாதம், அலையைத் தடுக்கக் கொட்டியிருக்கிற தூண்டில் வளைவுக் கல்லில் மோதிப் பலகையின் மூக்கு உடைந்தது. என்னிடம் கொண்டுவந்தாள். "மூக்க மட்டும் சரியாக்கித் தாருங்க மாமா" என்றாள். மூக்கை மட்டும் என்றுதான் சொன்னாள். மூக்கைச் சரி செய்தேன். புதுசு வெள்ளையாக, மற்றது மஞ்சளாக இருந்தது. எனக்குத்தான் பொறுக்காதே. பாட்டுப் போட்டுக்கொண்டு முழுப் பலகையையும் தேய்த்தேன். கை தன்போக்கில் வால்வரை போய்விட்டது. துடைத்துவிட்டுப் பார்த்தால் வால் வழுவழுவென்று இருக்கிறது.

உன் குழி இல்லை. தரையில் கிடந்த வெள்ளைத் தூளில் எது நீ என்று தெரியவில்லை. முட்டுப்போட்டுத் தேடினேன் என்றால் நம்புவாயா? பைத்தியக்காரன் மாதிரி தேடினேன்.

அதோடு நிறுத்தியிருந்தாலாவது மனிதனாக இருந்திருப்பேன். அவளிடம் எப்படிச் சொல்வது என்ற பயத்தில் அறிவு கெட்டுப்போனது. கொஞ்சம் ரெசின் கலந்து வாலில் ஊற்றினேன். பாதி இறுகி வரும்போது என் பெருவிரலை வைத்து அமுக்கினேன். பழசுபோலத் தெரிய லேசாக மங்க வைத்தேன். நன்றாக வந்திருக்கிறது என்று ஒரு கணம் திருப்திகூடப் பட்டேன். அதை நினைத்தால்தான் இப்போதும் உடம்பு கூசுகிறது.

ஜெனி வந்தாள். மூக்கைத் தடவிப் பார்த்தாள். பிறகு வாலுக்குப் போய் விரலை வைத்தாள். விரலை எடுத்துவிட்டு மறுபடி வைத்துப் பார்த்தாள். "நல்லா வந்திருக்கு மாமா" என்று சொல்லி எடுத்துக்கொண்டு போனாள். அப்பாடா என்று இருந்தது.

அப்புறம் அவள் கடலில் இறங்குகிற ஒவ்வொரு காலையும் எனக்குத் தொந்தரவாகிவிட்டது. அவள் உன்னைத் தொட்டுக்கொண்டு அலைக்குள் போவதாக நினைத்திருக்கிறாள், தொட்டிருப்பதோ முழங்காலுக்கு மேல் கடலில் இறங்காத என்னை. கடையில் உட்கார முடியவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி இனயம் போனேன். பூசை முடிந்து வந்தவளைக் கரையில் நிறுத்தி, அவள் முகத்தைப் பார்க்காமல் எல்லாவற்றையும் சொன்னேன்.

"தெரியும் மாமா" என்றாள்.

"எப்படிப் பிள்ள?"

"அப்பாக்கு எடங்கையாக்கும். அது இந்தப் பக்கமாட்டு சரிஞ்சிருக்கும். எனக்க எடது வெரலு சரியாட்டு உள்ள போவும். இது மறுபக்கம் சரிஞ்சில்லா கெடக்கு. தொட்ட ஒடனே தெரிஞ்சு."

இத்தனை வருடம் உன் வலது தோளை ஒட்டி நின்றவன் நான். அமுக்கும்போது, நீ எந்தக் கையால் தொடுவாய் என்றுகூட ஞாபகம் வரவில்லை.

"அப்பமே கேக்கப்பிடாதா?" என்றேன்.

"நீங்களா வந்து சொல்லுவியளான்னு பாத்தேன்."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். பலகையைத் திருப்பிப் போட்டு வாலைத் தடவிக்கொண்டிருந்தாள். வேண்டுமானால் அந்த இடத்தைச் சுத்தமாக எடுத்துவிட்டு வெறுமனே விட்டுத் தருகிறேன் என்றேன். சட்டென்று பலகையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"வேண்டாம். இதையும் தேச்சிராதீங்க மாமா."

இன்று காலை யாரோ ஒரு பையனின் பலகை பழுதுக்கு வந்திருக்கிறது. யார் செய்ததோ, வாலில் கோணல்மாணலாக ஒரு தழும்பு. உப்புத்தாளை எடுத்த கை இன்னும் அந்தரத்தில் நிற்கிறது. அவன் வந்தபிறகு கேட்டுவிட்டுத்தான் தொடப்போகிறேன்.