குமாரசாமி கவிழ்த்து வைத்த சீட்டு

2 பிப்ரவரி 2025, ஞாயிறு

இன்றும் ஐபேட் போக்கரில் வேலுமணியிடம் தோற்றேன். ரிவரில்தான். எல்லோருக்கும் பொதுவாக மேசையில் விழும் ஐந்தாவது சீட்டுக்கு, கடைசிச் சீட்டுக்கு, அப்படிப் பெயர். அதுவரை பூனை மாதிரி இருந்துவிட்டு, அது விழுந்ததும் பந்தயச் சிப்ஸை மலையாகக் குவிக்கிறார் அந்த மனிதர். நான் கால் பண்ணினேன், அதாவது அவர் போட்ட அளவு நானும் போட்டுச் சீட்டைக் காட்டச் சொன்னேன். என்னிடம் ரன், ஐந்திலிருந்து ஒன்பது வரை. அவர் விரித்தது வெறும் கலர், ஐந்தும் ஒரே சாதிச் சீட்டு. ஜெயித்தாயிற்று என்று ஐபேடை வைத்துவிட்டு வசந்தாமணியிடம் காபி கேட்டேன். திரும்பிப் பார்த்தால் சிப்ஸ் எல்லாம் அவர் பக்கம் போய்க்கொண்டிருக்கிறது.

கோபியில் காலமெல்லாம் மூணு சீட்டு ஆடியவன் நான். ரன்தான் கலரை வெல்லும். இந்தப் போக்கரில் மட்டும் தலைகீழ். தப்பு ஆட்டத்தில் இருக்கிறது.

"அண்ணா, இது மூணு சீட்டு இல்லீங்க. இங்க கலர்தான் பெருசு" என்று ஸ்பீக்கரில் வேலுமணி எனக்குப் பாடம் எடுத்தார். பேங்க் மேனேஜராக இருந்தவர். பாடம் எடுக்காமல் இருக்க முடியாது. அதைப் பொறுத்துக்கொள்ளலாம். எங்களோடு ஆடும் குமாரசாமி சிரித்தார். அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

4 பிப்ரவரி

பத்து மணிக்கு குமாரசாமி போன் வரவில்லை. நானே போட்டேன். பிஸி.

5 பிப்ரவரி

பிஸி. வேலுமணியோடுதான். வேறு யாரோடு?

7 பிப்ரவரி

குமாரசாமியை இந்த ஆட்டத்துக்குக் கூட்டிவந்ததே நான். இங்கே அமெரிக்காவில், பேர்லேண்ட் மீனாட்சி கோயில் அன்னதான வரிசையில் பழக்கம். பவானிக்காரர். நான்கு மணி நேரம் தள்ளி, இர்விங்கில் மகன் அபார்ட்மெண்டில் இருக்கிறார். இருவருக்கும் கார் ஓட்டத் தெரியாது. பிள்ளைகள் வேலைக்குப் போனபின் பத்து மணிக்கு போன் வரும்; முதல்நாள் என்ன சாப்பிட்டார் என்பதில் தொடங்கி ஊர் கதை முழுக்க வரும். அதன் பிறகுதான் எனக்குப் பொழுது விடியும். ஞாயிறு மதியம் போக்கர். காசு கிடையாது, திரையில் ஓடும் சிப்ஸ்தான். நான்கைந்து பேர், அவரவர் வீட்டில் ஐபேட், பேச ஒரு குரூப் கால்.

கிறிஸ்துமஸ் லீவுக்கு மகளைப் பார்க்க சான் ரமோன் போனார். அங்கே பார்க்கில் வேலுமணியோடு தினமும் நடந்திருக்கிறார். திரும்பி வரும்போது அந்த ஆளையும் நம் ஆட்டத்துக்குக் கொண்டுவந்துவிட்டார்.

வசந்தாமணியிடம் இதைச் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டே சொல்கிறாள்: "ரெண்டாந்தாரம் வந்துட்டாப்ல பேசறீங்களே."



9 பிப்ரவரி, ஞாயிறு

மறுபடியும் ரிவர், மறுபடியும் வேலுமணி. கால் பண்ணினேன், தோற்றேன். அதன்பின் அந்த ஆள் சொன்னது: "குமாரசாமிண்ணன் அப்பவே சொன்னாருங்க, கருப்பசாமிண்ணன் பாக்காம விடவே மாட்டாருன்னு."

ஆக, என்னைப் பற்றி அங்கே பேச்சு நடந்திருக்கிறது. நடந்துகொண்டே. பார்க்கில்.

குமாரசாமி, "சும்மா சொன்னதுங்ணா" என்றார். சும்மாவாம்.

12 பிப்ரவரி

மோட்டார் ரீவைண்டிங் எனக்கு யாரும் கற்றுத் தரவில்லை. கருகிய மோட்டாரைப் பிரித்துப் பிரித்துப் படித்தேன். போக்கரையும் அப்படித்தான் வீடியோ வீடியோவாகப் பார்த்துப் படிக்கிறேன். ரிவரில் ஒருவன் பெரிதாகப் போட்டால் கேட்க வேண்டியது ஒன்றுதான் — என் சீட்டைவிட மட்டமான சீட்டை வைத்துக்கொண்டு இவன் இவ்வளவு போடுவானா?

வேலுமணி போட மாட்டார். நான் விட மாட்டேன் என்று தெரிந்தவர் எதற்குச் சும்மா மிரட்டப்போகிறார்? சீட்டு இருந்தால்தான் போடுவார். அதனால் நான் சீட்டைக் கவிழ்த்து ஆட்டத்தை விட்டுவிட வேண்டும். நன்றாகத் தெரிகிறது.

ஆனால் கவிழ்த்துவிட்டால் அவர் கையில் என்ன இருந்தது என்று தெரியாமலே போய்விடும். மூணு சீட்டில் காசைப் போட்டு ஷோ கேட்டே பழகியவனுக்கு அது எப்படி முடியும்? அந்த ஆள் காட்டவும் மாட்டார். குமாரசாமி காட்டுவார். நான் கவிழ்த்தாலும் தன் சீட்டைத் திருப்பிக் காட்டிவிட்டுத்தான் அடுத்த ஆட்டம். "இல்லீன்னா உங்களுக்கு மனசு கெடந்து அடிச்சுக்குமுங்க" என்பார். ஒரு தடவைகூட அவர் பொய்யாகப் போட்டதில்லை.

16 பிப்ரவரி, ஞாயிறு

கால் பண்ணினேன். வேலுமணிதான். எழுத ஒன்றுமில்லை.

20 பிப்ரவரி

பத்து மணிக்கு போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பேத்தி பள்ளிக்கூடத்திலிருந்து ஏதோ ஆட்டோமேட்டிக் போன் வந்தது. இங்கிலீஷில் முழுக்கக் கேட்டேன்.

23 பிப்ரவரி, ஞாயிறு

இன்று எனக்குக் கலர் விழுந்தது. கிளாவர், ஏஸோடு. இனி இதைவிடப் பெரிய கலர் கிடையாது. மேசையில் இரண்டு எட்டு. ஃபுல் ஹவுஸ், அதாவது ஒரே எண்ணில் மூன்றும் இன்னொன்றில் இரண்டும், இல்லை நாலு எட்டும் வைத்திருப்பவன்தான் என்னை வெல்ல முடியும்.

ரிவரில் குமாரசாமி மொத்தத்தையும் போட்டார்.

வேலுமணி இல்லை. குமாரசாமி.

எப்போதும் போடும்போது "போடறனுங்க" என்று சொல்லிவிட்டுப் போடுவார். இன்று சத்தமே இல்லை. பழைய குமாரசாமி என்றால் ஃபுல் ஹவுஸ்தான், யோசிக்கவே வேண்டாம், கவிழ்த்துவிடலாம். ஆனால் இவர் பழைய குமாரசாமியா? காலையில் எல்லாம் அந்த ஆளோடு பேச்சு. மிரட்டிப் போடவும் கற்றுக்கொடுத்திருப்பானா? கற்ற வித்தையை முதலில் என்மேல்தானா பார்க்க வேண்டும்? கால் பண்ணினால் தெரிந்துவிடும். தெரிந்து?

விரல் பட்டன் மேலேயே இருந்தது. அப்போது வேலுமணி சொன்னார்: "பாருங்க, இப்பக் கால் பண்ணுவாரு. கருப்பசாமிண்ணன் விடற ஆளா?"

கவிழ்த்துவிட்டேன்.

ஏஸோடு கலரை! குமாரசாமி காட்டுவார் என்று திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் சீட்டு இரண்டும் கவிழ்ந்தபடியே இருந்தன. அப்புறம் அடுத்த ஆட்டத்துக்குச் சீட்டுப் போட ஆரம்பித்துவிட்டது.

காட்டவில்லை. முதல் தடவை.

வசந்தாமணி சாப்பிடக் கூப்பிட்டாள். பசிக்கவில்லை என்றேன்.

24 பிப்ரவரி

பத்து மணிக்கு போன் வந்தது. குமாரசாமி.

கொஞ்ச நேரம் குளிரைப் பற்றிப் பேசினார். அப்புறம், "ஏனுங்ணா நேத்து விட்டீங்க? உங்க கையில நல்ல சீட்டு இருந்துச்சுன்னு எனக்குத் தெரியுமுங்க" என்றார்.

"விட்டேன்."

"எங்கிட்ட என்ன இருந்துச்சுன்னா—"

"முடிஞ்ச ஆட்டத்தப் பேசக்கூடாதுங்க" என்றேன்.

"இல்லீங்ணா, ராத்திரியே போன் பண்ணலாம்னு பாத்தேன். ஒரு வார்த்த சொல்லீட்டனா..."

"வேண்டாம். நேத்து மதியம் என்ன சாப்பிட்டீங்க, அதச் சொல்லுங்க."

பிறகு சொன்னார். மருமகள் கொள்ளு கடைந்தாளாம், உப்புப் போட மறந்துவிட்டாளாம், பேரன் அதில் சீஸ் துருவிப் போட்டுச் சாப்பிட்டானாம். சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார்.

"வேலுமணி லைன்ல வர்றாருங்க" என்றார்.

எடுங்கள் என்றும் சொல்லவில்லை, விடுங்கள் என்றும் சொல்லவில்லை. அவர் எடுக்கவில்லை.

"சீஸப் போட்டுட்டு, நல்லா இருக்குன்னு வேற சொல்றானுங்க" என்றார்.