பால் கவர் சுற்றிய போல்ட்

செவ்வாய், இரவு.

காரின் முன்சக்கரத்தில் ஷாக் அப்சார்பரைப் பிடிக்கும் போல்ட்டின் மரை தேய்ந்துவிட்டது. என் கணவர் வீட்டிலேயே பால் கவரைக் கிழித்து அதில் சுற்றித் திணித்து, மேலே கிரீஸ் பூசிவிட்டார். வண்டியை வாங்கும் மேரி டீச்சர் நாளை இரண்டு பிள்ளைகளோடு மலையிறங்குகிறார்.

"டீச்சர்கிட்டச் சொன்னீங்களா?"

"'ஏனுங்க டீச்சர், போல்ட்டு லொடலொடங்குது'ன்னு யாராச்சும் சொல்லியா விப்பாங்க? அடிவாரம் வரைக்கும் தாங்கும். அப்புறம் அவங்க பாடு."

"நம்ம பொண்ணு ஓட்டுனா?"

"நொம்பப் பேசாத. சோத்தப் போடு."

அவர் குளிக்கப் போனபோது போல்ட்டை விரலால் திருப்பிப் பார்த்தேன். கழன்று கையோடு வந்தது. அதை முந்தானையில் முடிந்துகொண்டு வந்து சோறு போட்டேன்.

போல்ட் இந்த நோட்டின் மேல் இருக்கிறது. புளித்த பால் வாடை. காலையில் சாவியைக் கொடுக்கும் முன் டீச்சர் கையில் இதைத்தான் வைப்பேன்.