வெள்ளிக்கிழமைகளில் கத்திய பெட்டி

இன்று காலை வெங்காயக் கொட்டிலின் கதவைத் திறந்ததும் அந்த மணம் மூக்கில் அடித்தது. வெங்காயம் அழுகத் தொடங்கும்போது வருமே, அது. நாம் செய்த பெட்டி அதற்கு முன்பே என் தொலைபேசிக்குச் செய்தி அனுப்பியிருந்தது. ஆனாலும் நீ செய்வதைப் போல, கட்டித் தொங்கும் ஒவ்வொரு பிடியாக மணந்து பார்த்துத்தான் அந்த ஒற்றை வெங்காயத்தைப் பிடுங்கி எறிந்தேன். பிறகு அங்கேயே குந்தியிருந்து அழுதேன். வெங்காயத்தின் மேல் பழியைப் போடலாமென்றால், அதை நான் உரிக்கக்கூட இல்லை.

பல்கலைக்கழகத்தின் கடைசி வருடத்தில், மூக்குள்ள பெட்டி ஒன்று செய்யலாம் என்று நீ சொன்னபோது நான் சிரித்தேன். "சிரிக்காதையடி. மயிலிட்டியிலை நாங்கள் மீனைக் கண்ணாலையே வாங்கிறம்? மணந்துதானே வாங்கிறம். வெங்காயத்துக்கு மட்டும் ஏன் ஏலாது?" என்றாய். உன் சோற்றுப் பெட்டியின் மூடியில் துளை போட்டு, உள்ளே வாயுவை உணரும் கருவியை ஒட்டி, மருதனார்மடத்துக்குப் பக்கத்தில் தவமண்ணையின் வெங்காயக் கொட்டிலில் கொண்டுபோய்க் கட்டினோம். கூரை வளை முழுக்க அவர் வெங்காயத்தைப் பிடிபிடியாகக் கட்டித் தூக்கியிருந்தார். அழுகல் தொடங்கினால் பெட்டி கத்தும். கத்தியது. நாம் துள்ளிக் குதித்தோம்.

ஆனால் வெள்ளிக்கிழமைகளில் பொழுதுபடும் நேரத்தில் அது சும்மாவும் கத்தியது. இரண்டு வெள்ளி ஓடிப்போய் அத்தனை பிடியையும் அவிழ்த்துப் பார்த்தோம், ஒன்றும் அழுகியிருக்கவில்லை. "உங்கடை பெட்டி நல்ல சைவம் பிள்ளையள். வெள்ளிக்கிழமை தவறாமல் தேவாரம் பாடுது" என்று தவமண்ணை எங்களை வைத்து வாங்கினார். மூன்றாம் வெள்ளி நீ கொட்டில் வாசலிலேயே காவலிருந்தாய். அவருடைய மனைவி, நாம் அக்கா என்று கூப்பிடுபவ, சுவாமியறையில் விளக்கேற்றி, வீடெல்லாம் சாம்பிராணி காட்டி, கடைசியில் தட்டோடு கொட்டிலுக்குள்ளும் நுழைந்தா. பெட்டி அலறியது.

கொட்டிலுக்குள் மட்டும் காட்டவேண்டாம் என்று அக்காவிடம் கேட்போம் என்றேன். நீ ஒரேயடியாக மறுத்துவிட்டாய். "அவவின்ரை வீடு. பெட்டிதான் பழகவேணும்." பழக்குவதற்கு மாதக்கணக்காகும், கொழும்பில் போட்டிக்கோ இரண்டு கிழமைதான் இருந்தது. உணவுக்கும் விவசாயத்துக்குமான ஸ்டார்ட்அப் போட்டி. வென்றால் ஆறு மாதப் பயிற்சி, ஆய்வுகூடம், வழிகாட்ட ஆட்கள். அதற்காக நான் ஒரு குறுக்குவழி வேலை செய்தேன். வெள்ளி பின்னேரம் இரண்டு மணித்தியாலம் பெட்டி வாயை மூடியிருக்கும்படி நிரலை மாற்றினேன். நீ ஒன்றும் சொல்லவில்லை. நான் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

மேடையில் நான்தான் பேசினேன். எல்லாம் நன்றாகவே போனது. கடைசியில் நடுவராயிருந்த ஓர் அம்மா, இந்தப் பெட்டி எங்கேயாவது பிழைவிடுமா என்று கேட்டார். நான் இல்லை என்று வாய் திறப்பதற்குள் நீ மைக்கை வாங்கிவிட்டாய். சாம்பிராணி, வெள்ளிக்கிழமை, பெட்டியின் வாயை நாம் மூடியது எல்லாவற்றையும் உன் தடுமாறும் ஆங்கிலத்தில் சொன்னாய். புகை வந்தால் இதற்கு ஒன்றும் தெரியாது என்றாய். மண்டபம் சிரித்தது. நாம் தோற்றோம்.

வெளியே வந்து நான் கத்தியதை எத்தனைபேர் பார்த்தார்களோ. "உனக்கென்ன விசரே? ஆரடி உன்னட்டைக் கேட்டது?"

"அந்த அம்மா கேட்டவதானே" என்றாய். பிறகு மெல்ல, "பெட்டி இருக்கெண்டு தவமண்ணை இப்ப மணந்து பாக்கிறதையே விட்டிட்டார். எனக்கு அதுதான் பயம்" என்றாய். அது என் காதில் ஏறவில்லை. ஒரு வருட உழைப்பை நீ ஒரு நிமிடத்தில் கவிழ்த்துவிட்டாய் என்பது மட்டும்தான் என் தலைக்குள் நின்றது. அதற்குப் பிறகு நான் உன்னோடு கதைக்கவில்லை.

உனக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டபோதும் நான் அழைக்கவில்லை. நீயே முதலில் எடுக்கவேண்டும் என்ற வீம்பு. டெங்கு என்று தெரிந்து ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தபோது உன் அம்மா வெளியே நிலத்தில் குந்தியிருந்து தலையில் அடித்துக்கொண்டிருந்தா.

நீ போய் இரண்டு வருடமாயிற்று. பெட்டிக்கு இப்போது புகை எது, அழுகல் எது என்று பிரித்தறியத் தெரியும். அக்கா தன் பாட்டில் சாம்பிராணி காட்டுகிறா. போன மாதம் அதே போட்டிக்குத் தனியாகப் போனேன். யாரும் கேட்பதற்கு முன்பே பெட்டி விட்ட பிழைகளையும், இன்னும் விடக்கூடியவற்றையும் சொல்லிவிட்டுத்தான் மிச்சத்தைத் தொடங்கினேன். இந்தமுறை எடுத்துவிட்டார்கள். அதனால்தானோ, வேறெதனாலோ, எனக்குத் தெரியாது. பெயரை வாசித்ததும் சட்டென்று பக்கத்துக் கதிரைப் பக்கம் திரும்பினேன். யாரோ ஒருவர் இருந்தார். பாவம், என் முகத்தைப் பார்த்துப் பயந்துபோனார்.

ஒன்று மட்டும் உன்னிடம் சொல்ல வேண்டும். தோற்ற மறுநாள் காலை ரயிலில் திரும்பிவந்தோமே. அனுராதபுரத்தில் வண்டி நின்றதும் நீ என் தோளைத் தொட்டாய். "எடியே, தேத்தண்ணி குடிப்பமே?" கண்ணை மூடியபடி நான் அசையவில்லை. இன்னொருதரம் கூப்பிட்டாய். பிறகு, வெயில் என் முகத்தில் படுகிறதென்று எழும்பி யன்னல் அடைப்பை இறக்கிவிட்டாய். யாழ்ப்பாணம் வரும்வரை நீயும் அந்த இருட்டுக்குள்ளேயே இருந்தாய்.

நான் நித்திரையில்லையடி. நீ கூப்பிட்டது இரண்டுதரமும் கேட்டது.