இரட்டை விசில்

மச்சான்,

இன்று காலை கடலூர் பஸ் ஸ்டாண்டில் ஒரு வண்டி பிரேக் கருகிய நாற்றத்தோடு வந்து நின்றது. அந்த வாடை மூக்கில் ஏறியதும், "யார்றா அவன், மாட்டு வண்டி ஓட்ட வேண்டியவன்லாம் ஸ்டியரிங் புடிக்கிறான்" என்று உன்னிடம் சொல்ல வாயெடுத்துத் திரும்பிவிட்டேன். பக்கத்தில் நின்றவர் ஒரு மாதிரி பார்த்தார். நீ செத்து எட்டு மாதம் ஆகிறது. என் வாய்க்கு அது இன்னும் புரியவில்லை.

டீயை அப்படியே வைத்துவிட்டு வந்து இதை எழுதுகிறேன். உன்னிடம் நான் சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது. நம் வண்டியில் அடிபட்டு அஞ்சலை என்ற பெண் இறந்தாளே, அதைப் பற்றியது. நீ உயிரோடு இருந்தவரை, வீட்டுக்கு வந்து உன் எதிரில் உட்கார்ந்து, உன் பெண்டாட்டி போட்ட டீயைக் குடித்துவிட்டு, சொல்லாமலே எழுந்து போனவன் நான்.

இரண்டாயிரத்து நாலில் நான் கண்டக்டராக ஏறியபோது நீ ஏற்கனவே அந்த லைனில் பழம் தின்று கொட்டை போட்ட டிரைவர். கடலூர் – சிதம்பரம், தனியார் வண்டி. நமக்குப் பின்னால் ஐந்து நிமிஷ இடைவெளியில் பச்சை வண்டி. அவன் முந்தினால் ஆலப்பாக்கத்துக் கூட்டம் அவனுக்கு, நாம் முந்தினால் நமக்கு. அந்த ஐந்து நிமிஷத்துக்காகத்தான் எல்லாரும் உயிரை விட்டோம். உயிரை விட்டோம் என்று எவ்வளவு சுலபமாக எழுதிவிட்டேன் பார்.

பல்கலைக்கழகத்துப் பையன் எவனோ சீட்டில் விட்டுப் போன இங்கிலீஷ் பத்திரிகை ஒன்றை நீதான் எடுத்து வைத்துக்கொண்டாய். கார் ரேஸ் பத்திரிகை. ஒரு பெரிய அணியின் கதை முழுசாக அதில் இருந்தது. பிளஸ் டூவோடு நின்றவன் நீ. அகராதி வாங்கி, ஒவ்வொரு வார்த்தையாகத் தட்டுத் தடுமாறிப் படித்து, கோடு போட்ட நோட்டில் தமிழில் எழுத ஆரம்பித்தாய். "பைத்தியமாடா உனக்கு?" என்று கேட்டேன். "அவுங்களும் டிரைவர்தான் மச்சான். நாமளும் டிரைவர்தான். ஒறவுக்காரன் கதைய தெரிஞ்சிக்க வேணாமா?" என்றாய்.

பிறகு அந்தக் கதையைப் பேனட்டில் சாய்ந்துகொண்டு நான் கேட்டேன், தினம் கொஞ்சமாக. முதுநகர் தாண்டினால் ஆரம்பிப்பாய், ஆலப்பாக்கத்தில் நிறுத்துவாய், புதுச்சத்திரத்தில் தொடர்வாய். எங்கோ கடல் கடந்து வந்த ஒரு இளைஞன், ஒரு கால் சற்றுக் கட்டை, சின்ன வயதில் இடுப்பில் வந்த நோய். மண் தரை ஷெட்டில் நாலு கூட்டாளிகளோடு தானே கார் செய்து, தானே ஓட்டி, ஜெயித்து, அணிக்குத் தன் பெயரையே வைத்தவன். முன் சீட்டில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே வந்த வாத்தியார் ஒருவர் முட்லூரில் இறங்க மறந்து சிதம்பரம் வரை வந்து, "அப்புறம் என்னய்யா ஆச்சு அவனுக்கு?" என்று கேட்டது நினைவிருக்கிறதா? "செத்துட்டாரு சார்" என்றாய். வாத்தியார் முகம் செத்துப்போனது. தான் செய்த காரைத் தானே சோதித்து ஓட்டிப் பார்க்கும்போது, பின்பக்க மூடி பிய்ந்து போய், கார் நிலைகுலைந்து மோதிச் செத்தான். மறுநாள் யாரும் வேலைக்கு வரவேண்டாம் என்றார்களாம். ஒருத்தன் விடாமல் எல்லாரும் வந்து நின்றார்களாம். அந்த இடத்தைச் சொல்லும்போது வண்டியை மெதுவாக்கிவிடுவாய். எத்தனை தடவை சொன்னாலும் மெதுவாக்குவாய்.

நல்லதை மட்டும் அந்தக் கதையிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தால் தேவலை. நாம் வேறொன்றையும் எடுத்துக்கொண்டோம்.

ரேஸ் நடுவில் டயர் மாற்றக் கார் வந்து நிற்கும். எதிரில் ஒருவன் நீளக் கம்பில் போர்டு பிடித்துக்கொண்டு நிற்பான். வேலை முடிந்ததும் அவன் போர்டைத் தூக்குவான், கார் பறக்கும். "டிரைவர் திரும்பிப் பாக்கவே மாட்டான் மச்சான். போர்டு தூக்கறவன நம்பி மிதிப்பான். அதுலதான் ரேஸே ஜெயிக்கிறான்" என்றாய். மறு வாரமே நம் வண்டியில் அது சட்டமாகிவிட்டது. ஒரு விசில் கொடுத்தால் நிற்பாய், இரட்டை விசில் கொடுத்தால் கிளம்புவாய். அது எல்லா வண்டியிலும் உள்ளதுதான். ஆனால் எந்த டிரைவரும் இரட்டை விசில் கேட்டபின் இடது கண்ணாடியை ஒரு தரம் பார்த்துவிட்டுத்தான் எடுப்பான். நீ பார்ப்பதை விட்டாய். "உன் கண்ணுதான்டா எனக்குக் கண்ணாடி" என்றாய். எனக்குத் தலைகால் புரியவில்லை. என் விசில் முடியுமுன் வண்டி நகரும். பச்சை வண்டிக்காரன் சிதம்பரம் ஸ்டாண்டில் வந்து, "என்னாய்யா, ஏரோப்ளேனா ஓட்றீங்க?" என்று எரிந்து விழுவான். நாம் இருவரும் இளித்துக்கொண்டு நிற்போம். அந்த இளிப்பை நினைத்தால் இப்போது என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

இரண்டாயிரத்து ஏழு. காலை நேரம், காலேஜ் கூட்டம், ஊசி விழ இடமில்லை. ஆலப்பாக்கம் தாண்டி அந்தச் சின்ன நிறுத்தம். நான் நடுவில் சிக்கிக்கொண்டு டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தேன். பின்படி எனக்குத் தெரியவில்லை. பச்சை வண்டியின் ஹாரன் கிட்டத்தில் கேட்டது. இறங்கியிருப்பார்கள் என்று நினைத்து ஊதினேன். நீ எடுத்தாய்.

இறங்கியவள் படியில் வைத்த பாத்திரத்தை எடுக்கத் திரும்பி நின்றிருந்தாள். அலறல் வந்தது பின்னால் இருந்தவர்களிடமிருந்து, அவளிடமிருந்து இல்லை.

அடிபட்டால் டிரைவர் ஓடிவிடுவதுதான் நம் லைனில் வழக்கம். ஓடினால்தான் உயிர் தப்பும். நீ ஓடவில்லை. இறங்கிப் பின் சக்கரத்தண்டை போய் மண்டியிட்டு உட்கார்ந்தாய். ஊர்க்காரர்கள் உன்னை அப்படியே அடித்தார்கள். நான் படியில் நின்றேன். விசில் இன்னும் என் வாயிலேயே இருந்தது, அதை எடுக்கக்கூடத் தோன்றவில்லை. போலீஸ்காரர் வந்து, "கண்டக்டர் விசில் குடுத்தானா?" என்று கேட்டார். உதட்டில் ரத்தத்தோடு நீ சொன்னாய்: "இல்லீங்க சார். அவரு குடுக்கல. நானா எடுத்துட்டேன்."

என்னை நீ பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நான் உண்மையைச் சொல்லியிருப்பேனோ என்னவோ. இல்லை, பொய். சொல்லியிருக்க மாட்டேன். எனக்கு அப்போதுதான் கல்யாணமாகி மூன்று மாதம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறதாகச் சொல்வார்கள். நான் மறைக்கவும் இல்லை. நீ மறைத்துக் கொடுத்தாய், நான் உட்கார்ந்து தின்றேன்.

அதற்கப்புறம் நடந்ததெல்லாம் உனக்குத்தான் நடந்தது. லைசென்ஸ் போனது. கேஸ் இழுத்தது. கடலூர் ஜெயிலில் ஆறு மாதம் இருந்தாய். வெளியே வந்தபின் எந்த முதலாளியும் ஸ்டியரிங் கொடுக்கவில்லை. ரோட்டை ஆண்டவன், முட்லூர் அரிசி மண்டியில் மூட்டை தூக்கினாய். அஞ்சலையின் மகளும் உன் மகளும் ஒரே பள்ளிக்கூடம். உன் மகள் ஒருநாள் அழுதுகொண்டே வந்து பையை எறிந்தவள், அன்றிலிருந்து உன்னிடம் பேச்சை நிறுத்திவிட்டாள். சோறு வைப்பாள், தண்ணீர் வைப்பாள், வாய் திறக்க மாட்டாள். நான் வந்தால் மட்டும், "வாங்க மாமா" என்று சிரித்த முகமாகக் கூப்பிடுவாள். அதைக் கேட்டுக்கொண்டு நீ டிவியைப் பார்த்துக்கொண்டிருப்பாய்.

ஞாயிற்றுக்கிழமை ரேஸ் இருந்தால் மத்தியானமே வந்துவிடுவேன். இருவரும் அந்த அணியைப் பற்றியே பேசுவோம். ஒரே அணியில் இருந்துகொண்டு ஒருவரோடு ஒருவர் பேசாத இரண்டு சாம்பியன்களின் கதை, வண்டியின் நிறம் மாறிய கதை, பட்டம் வாங்கிய வருஷங்கள். எனக்கும் எல்லாம் மனப்பாடம். ஒருநாள் ரேஸ் நடுவே விளம்பரம் வந்தபோது நீ கேட்டாய்.

"அந்த மொதலாளி செத்தாரே, அந்தப் பின்மூடிய யார்றா மாட்டியிருப்பான்?"

"யாரா இருந்தா என்னா?"

"புத்தகத்துல அவன் பேரே இல்ல மச்சான். மறுநாளு எல்லாரும் வேலைக்கு வந்தாங்கன்னு போட்ருக்கான். அவனும்தான வந்துருப்பான்? கூட இருந்தவங்க அவன ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டாங்க. ஆனா அவனா வாயத் தொறந்து சொல்லியிருந்தா, அவனுக்குக் கொஞ்சம் பாரம் கொறஞ்சிருக்கும், இல்ல?"

சொல்லிவிட்டு நீ என்னைப் பார்த்தாய். அந்த ஒரு தடவைதான் பார்த்தாய். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "யாருக்குத் தெரியும், வுடு. ரேஸ் ஆரம்பிச்சிடுச்சி" என்றேன். நீ ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் கூட்டினாய். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றவன் நீ. நான் வாசலிலேயே செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டேன்.

தானே புயல் அடித்துப் போட்ட மறுநாள் உனக்கு நெஞ்சு வலித்திருக்கிறது. கடலூர் பக்கம் போகவும் வழியில்லை, சிதம்பரம் பக்கம் போகவும் வழியில்லை. ரோடு முழுக்க மரம். ஒரு மணி நேரத்தில் நீ கடக்கிற ரோடு அது. கட்டிலோடு தூக்கிக்கொண்டு மரங்களைத் தாண்டித் தாண்டிப் போனார்களாம். புதுச்சத்திரம் வருமுன்னே முடிந்துவிட்டதாம். போன் வேலை செய்யவில்லை. இரண்டு நாள் கழித்துச் சேதி கேட்டுச் சைக்கிளைத் தூக்கியும் தள்ளியும் நான் வந்து சேர்ந்தபோது உன்னை எரித்துவிட்டார்கள். உன் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

கருமாதி முடிந்து எல்லாரும் போனபின் உன் மனைவி உன் நோட்டைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். போதும் இந்தப் பிழைப்பு என்று அப்போதுதான் புத்தி வந்தது. "தங்கச்சி, நான் ஒண்ணு சொல்லணும். அன்னிக்கு விசில்..." என்று ஆரம்பித்தேன்.

"தெரியும்ணே" என்றாள்.

ஜெயிலுக்குப் போகுமுன்பே நீ அவளிடம் சொல்லிவிட்டாயாம். நானாக வந்து சொல்லும்வரை என்னிடம் ஒரு வார்த்தை கேட்கக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டாயாம். "கண்ணாடியப் பாக்காதது என் தப்பு, அதுக்கு நான் உள்ள போறேன். அவன் தப்ப அவன்தான் சொல்லணும்" என்றாயாம்.

"நீங்க வந்துட்டுப் போற ஒவ்வொரு தபாவும் நான் கேப்பேண்ணே. சொன்னாரா இன்னிக்காச்சும்னு. இல்லடி, ரேஸப் பத்திதான் பேசுனோம்னு சொல்லிட்டுப் போயி படுத்துக்குவாரு."

மச்சான், அந்த வார்த்தையை அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். சும்மா, அரிசி தீர்ந்துவிட்டது என்று சொல்கிற மாதிரி சொன்னாள். நாம் பேசிய அத்தனை ஞாயிற்றுக்கிழமையும் எனக்கு அப்போது தலைகீழாகப் புரண்டது. அந்த அணியின் கதையை நீ விரும்பிச் சொல்கிறாய் என்று நினைத்திருந்தேன். நீ என் வாய்க்காகக் காத்திருந்திருக்கிறாய். நானோ எந்த வருஷம் யார் பட்டம் வாங்கினான் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

உன் மகளைக் கூப்பிட்டு அவள் எதிரிலேயே சொன்னேன். அவள் அழவில்லை. என்னைத் திட்டவும் இல்லை. "அப்பாவுக்குத் தெரியுமா மாமா, நீங்கதான் ஊதுனீங்கன்னு?" என்று கேட்டாள். தெரியும் என்றேன். "நான் பேசாம இருந்தப்பக்கூட எங்கிட்ட சொல்லணும்னு அவருக்குத் தோணலியா?" என்றாள். அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அதன்பின் நான் எத்தனை முறை போயும் அவள் என்னை மாமா என்று கூப்பிடவில்லை. உனக்குக் கிடைத்த மௌனம் இப்போது எனக்குக் கிடைக்கிறது. அது எனக்கு உரியதுதான், ஆனால் நாலு வருஷம் நீ எப்படிடா தாங்கினாய்?

அஞ்சலையின் வீட்டுக்காரரிடமும் போனேன். கேட்டுவிட்டு, "அந்த டிரைவர நான் கையால அடிச்சேன் தம்பி" என்று மட்டும் சொன்னார். எழுந்து போய் வெளியே நின்றுகொண்டார். கண்டக்டர் வேலையை விட்டுவிட்டேன். சிதம்பரத்தில் ஒரு லாரி ஆபீசில் பில் போடுகிறேன். ரோட்டில் எவனாவது இரட்டை விசில் கொடுத்தால் இன்னும் என் உடம்பு தூக்கிப் போடுகிறது, எழுந்து வெளியே போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்து உட்காருகிறேன். முதலாளி சிரிக்கிறார்.

எல்லாரிடமும் சொல்லியாகிவிட்டது. கேட்பதற்காக உட்கார்ந்திருந்தவனிடம்தான் சொல்லவில்லை. இனி நீ கேட்கமாட்டாய், தெரியும். இருந்தாலும் சொல்கிறேன். மச்சான், அன்றைக்கு நான் பின்படியைப் பார்க்கவில்லை. பார்க்காமல்தான் ஊதினேன்.