நத்தைக் குழு மறைத்த செய்தி

அன்பு மகள் பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்பதுதான் காலையில் கண் விழித்ததும் எனக்கு வருகிற முதல் நினைப்பு. இங்கே நான் வேளைக்குச் சாப்பிடுகிறேன், பள்ளிக்கூடம் போய் வருகிறேன். உன் அத்தை வாரம் ஒருமுறை வந்து, என்னண்ணா இது ஃப்ரிட்ஜா மியூசியமா என்று திட்டிவிட்டு எல்லாப் பாத்திரத்தையும் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போகிறாள். மொட்டைமாடித் தண்ணீர்க் குழாயைச் சரிசெய்தாகிவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர் புதிதாக நாய் வாங்கியிருக்கிறார், அது தெருவில் யாரைப் பார்த்தும் குரைப்பதில்லை, என்னைப் பார்த்தால் மட்டும் குரைக்கிறது. போனில் சொல்லாமல் இந்தக் கிழவன் ஏன் பக்கம் பக்கமாக எழுதுகிறான் என்று நினைப்பாய். போனில் நம் பேச்சு எப்படிப் போகிறது என்று உனக்கே தெரியும். அங்கே குளிரா, இங்கே மழையா, சாப்பிட்டியா, அவ்வளவுதான். உன் அம்மாவின் பக்கம் பேச்சு திரும்பினால் அடுப்பில் ஏதோ வைத்திருக்கிறேன் என்று சொல்லிப் போனை வைத்துவிடுகிறேன்.

அம்மா நம்மை விட்டுப் போன அந்த வாரத்தில் நீ என்னிடம் ஒரு கேள்வி கேட்டாய். நெஞ்சைப் பிசைகிற மாதிரி இருக்கு, அப்பாகிட்ட சொல்லிடாதே, மனுஷன் பேப்பர் திருத்துறதை விட்டுட்டு ஊரையே கூட்டிடுவார் என்று அவள் உன்னிடம் போனில் சொல்லியிருக்கிறாள். நீயும் சொல்லவில்லை. இரண்டு நாளில் அவள் இல்லை. அன்னிக்கே நான் சொல்லியிருந்தா அம்மா பிழைச்சிருப்பாங்களாப்பா என்று கேட்டாய். சுற்றி இருந்தவர்கள் எல்லாரும் அப்படியெல்லாம் நினைக்கக் கூடாதும்மா என்று உன் வாயை அடைத்தார்கள். நான் எழுந்து வெளியே போய்விட்டேன். அதற்குப் பதில் சொல்லத்தான் இப்போது உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் அதற்கு முன்னால் நான் பாடம் எடுக்கிற ஏழாம் வகுப்பில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் எனக்கு இது வராது, பொறுமையாகப் படி.

இந்தப் பருவத்தில் உயிரினங்கள் பாடத்தைப் புத்தகத்தைத் திறக்காமலே தொடங்கினேன். உயிர் இருக்கிறது என்று எதை வைத்துச் சொல்வாய், இது ஒன்றுதான் கேள்வி. பிள்ளைகள் குழுவாகப் பிரிந்து ஆளுக்கொன்றைக் கொண்டுவர வேண்டும், பாடம் முடிகிறவரை வைத்துப் பார்க்க வேண்டும், கடைசியில் வகுப்பின் முன்னால் நின்று இதற்கு உயிர் உண்டு என்று நிரூபிக்க வேண்டும், மற்றவர்கள் மடக்கி மடக்கிக் கேட்பார்கள். ஒரு குழு ரொட்டியில் பூஞ்சை வளர்த்தது. ஒரு குழு ஈஸ்ட்டைச் சர்க்கரைத் தண்ணீரில் கரைத்துப் பாட்டில் வாயில் பலூனை மாட்டி, அது உப்பிக்கொண்டு வந்ததும் மூச்சு விடுது சார் மூச்சு விடுது என்று கும்மாளம் போட்டது. ஒரு குழு வேண்டுமென்றே மெழுகுவத்தியைக் கொளுத்திக்கொண்டு வந்து, இந்தச் சுடரும் சாப்பிடுது, வளருது, குட்டி போடுது, உயிர் இல்லைன்னு சொல்லுங்க பார்ப்போம் என்று வம்புக்கு நின்றது. தலைமையாசிரியை மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து, சார் இது வகுப்பா குப்பைத்தொட்டியா, பரீட்சைக்கு இதெல்லாம் வருமா என்று கேட்டார். பரீட்சைக்கு வராட்டி என்ன மேடம், வாழ்க்கைக்கு வரும் என்று பெரிய மனிதன் மாதிரி சொல்லி அனுப்பினேன். உயிருள்ளது என்னென்ன செய்யும் என்று கரும்பலகையில் பிள்ளைகள் சொல்லச் சொல்ல எழுதினேன். உண்ணும், வளரும், மூச்சுவிடும், தொட்டால் சுருங்கும், தன்னைப் போல இன்னொன்றை உண்டாக்கும். கடைசியாக எழுத வேண்டியதை நான் எழுதவில்லை. மெழுகுவத்திக் குழுப் பையன் ஒருத்தன் அதைச் சொல்ல வாயைத் திறந்தான், பக்கத்தில் இருந்தவன் அவன் தொடையில் கிள்ளினான். நான் பார்த்தேன், பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

நத்தைக் குழுவுக்குத் தலைவி ஒரு வாயாடி. தூங்கும்போதும் அந்த வாய் மூடாது என்று அவள் அம்மாவே சொல்வார். மழை நின்ற மறுநாள் மதில் ஓரத்தில் ஒரு நத்தையைப் பிடித்துக் கண்ணாடித் தொட்டியில் மண் போட்டு வைத்தாள். மற்றவர்கள் எல்லாரும் கூடி நின்றால்தான் அது தலையை நீட்டும், அதனால் ஆபீசர் என்று பெயர். காலை வணக்கம் ஆபீசர் என்று சொல்லாமல் அந்தக் குழு பையைக் கீழே வைக்காது. ஓட்டின் ஓரத்தில் சின்ன உடைசல் இருந்தது, அதை வைத்து நான் தூரத்திலிருந்தே அடையாளம் கண்டுகொள்வேன். அரைப் பருவ விடுமுறை முடிந்து வந்தோம். ஆபீசர் எப்படி என்று கேட்டேன், சூப்பரா இருக்கு சார், நிறையச் சாப்பிடுது என்றார்கள். நானும் விட்டுவிட்டேன். ஒரு வாரம் கழித்துத் தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தபோதுதான் பார்த்தேன், ஓடு முழுசாக இருந்தது. உடைசல் இல்லை. உடைந்த ஓடு அத்தனை சீக்கிரம் தடம் தெரியாமல் ஆகாது. இது ஆபீசர் இல்லையே என்றேன். வாயாடி தரையைப் பார்த்தாள். அந்தப் பெண் பேசாமல் நின்றதை அன்றைக்குத்தான் முதல்முதலாகப் பார்க்கிறேன். அப்புறம் மெல்லச் சொன்னாள், லீவு முடிஞ்சு வந்தப்ப அது அசையவே இல்ல சார், செத்துப்போச்சு, நாங்க பொதைச்சுட்டு வேற ஒன்னு புடிச்சு வெச்சுட்டோம் என்று. ஏம்மா என்கிட்ட சொல்லலை என்று கேட்டேன். உங்க வீட்டுல இப்பத்தான் ஒருத்தங்க போனாங்க, இங்கயும் ஒன்னு போச்சுன்னு உங்ககிட்ட எப்படி சார் சொல்றது என்றாள்.

பாப்பா, அந்தப் பேச்சைக் கேட்டதும் எனக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆனால் அதைவிடப் பெரிய பயம் ஒன்று உள்ளே ஓடியது. நத்தை இருக்கிறதே, மண் காய்ந்துபோனால் ஓட்டுக்குள் போய், வாயில் மெல்லிய தோல் மாதிரி ஒரு மூடியைப் போட்டுக்கொண்டு தூங்கிவிடும். மாதக்கணக்கில்கூட அப்படியே கிடக்கும். தண்ணீர் பட்டால் மெல்ல எழுந்து வரும். விடுமுறையில் தொட்டிக்குத் தண்ணீர் தெளிக்க ஆள் இல்லை. என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால், ஈரத் துணியில் வைத்துவிட்டுக் காத்திருங்கள் என்று சொல்லியிருப்பேன். பள்ளிக்கூடத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் புதைத்த இடத்தைக் காட்டினார்கள், தோண்டினோம். ஓட்டின் வாயில் மூடி அப்படியே ஒட்டியிருந்தது. உயிரோடு இருக்கும்போதுதான் அதைப் போட்டுக்கொண்டிருக்க முடியும். ஈரத் துணியில் வைத்தோம். மற்ற குழுக்களும் தங்கள் வேலையை விட்டுவிட்டு வந்து சுற்றி உட்கார்ந்துகொண்டன. அன்றைக்கு வரவில்லை. மறுநாள் காலையில் வகுப்பைத் திறந்ததும் நாற்றம் அடித்தது. அப்போது தெரிந்துவிட்டது.

வாயாடி என்னிடம் வந்து, பொதைக்கறப்ப அதுக்கு உயிர் இருந்துச்சா சார் என்று கேட்டாள். தலைமையாசிரியை அங்கேதான் நின்றுகொண்டிருந்தார், நல்ல மனது அவருக்கு, இல்லடா கண்ணு, அது முன்னாடியே போயிருக்கும் என்றார். அந்தப் பெண் அவர் பக்கம் திரும்பக்கூட இல்லை, என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஆமாம்மா, முன்னாடியே செத்துப்போச்சு என்று சொல்ல எனக்கு நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் அதோடு முடிந்திருக்கும். ஆனால் அந்தக் கண்கள் என்னை நம்பாது, இனிமேல் எதற்கும் நம்பாது. தெரியாதும்மா என்றேன். இருந்திருக்கலாம், இல்லாமலும் போயிருக்கலாம், இனிமே யாராலும் சொல்ல முடியாது, எனக்கும் தெரியாது என்றேன். தேம்பித் தேம்பி அழுதாள். நான் சமாதானம் சொல்லவில்லை, பக்கத்திலேயே இருந்தேன். அழுது ஓய்ந்த பிறகு, அசையாட்டி என்னென்ன பார்க்கணும்னு இப்பச் சொல்லுங்க சார், நான் மத்தவங்களுக்கும் சொல்றேன் என்றாள். சொல்லிக் கொடுத்தேன். அப்புறம்தான் கரும்பலகையில் விட்டுப்போனதை எழுதினேன். உயிருள்ளது சாகும். பிள்ளைகளும் அதை நோட்டில் எழுதிக்கொண்டார்கள். பாடம் முடிந்த நாளில் நத்தைக் குழு வகுப்பின் முன்னால் நின்று நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னது.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். தெரியாது பாப்பா. டாக்டரிடம் நானும் இதையே கேட்டேன். முன்னாடியே வந்திருந்தா ஒரு வாய்ப்பு இருந்திருக்கும், உறுதியாச் சொல்ல முடியாது என்றுதான் அவரும் சொன்னார். இதை இத்தனை மாதமாக உன்னிடம் சொல்லாமல் வைத்திருந்தேன். உன் மேல் கோபம் இருந்ததா என்று கேட்பாய். இருந்தது. ஒரு முழு நாள் உன் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் இருந்தேன். பெற்ற பெண் மேல் அப்படி ஒரு கோபம் வரும் என்று நான் நினைத்ததே இல்லை. அப்புறம் அது போய்விட்டது. அம்மா சொல்லாதே என்றாள், நீ அம்மா பேச்சைக் கேட்டாய், அவ்வளவுதான். எனக்கு இன்னும் தீராமல் இருக்கிற கோபம் அவள் மேல்தான். கூடவே வாழ்ந்தவனிடம் சொல்லாமல் கடல் தாண்டி இருக்கிற பெண்ணிடம் சொல்லி, அவள் வாயையும் கட்டிவிட்டுப் போனாளே. போட்டோ முன்னால் நின்று சில நாள் சண்டைகூடப் போடுகிறேன். சண்டை போட்டுவிட்டு, அவள் புடவை மடித்து வைத்திருக்கிற அலமாரியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். நீயும் அங்கே தனியாக இதையே செய்துகொண்டிருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். மாப்பிள்ளை என்னிடம் சொல்லிவிட்டார், அவரைத் திட்டாதே. இனிமேல் என்னிடம் அழு. தெரியாது என்பதை ஒருத்தர் தனியாகச் சுமக்க முடியாது, இரண்டு பேர் சுமக்கலாம். வேலையை விட்டுவிட்டு உன்னிடம் வந்துவிடச் சொன்னாய், இந்தப் பருவம் முடியட்டும், வந்து ஒரு மாதம் இருக்கிறேன், அதற்கு மேல் நீ என்னைத் தாங்க மாட்டாய்.

இன்னொன்று. கொஞ்ச நாளாகப் பள்ளிக்கூட மாடிப்படி ஏறும்போது எனக்கு மூச்சு வாங்குகிறது, பாதியில் கைப்பிடியைப் பிடித்து நின்றுவிட்டுத்தான் ஏறுகிறேன். வியாழக்கிழமை டாக்டரைப் பார்க்கப் போகிறேன், அதற்குள் உனக்குக் கிடைக்கட்டும் என்று இந்தப் பக்கங்களைப் படம் எடுத்துப் போனில் அனுப்புகிறேன். அத்தைக்கு இன்னும் தெரியாது, உன்னிடம்தான் முதலில் சொல்கிறேன். அத்தையிடம் நீயே சொல்லிவிடு, நான் சொன்னால் அவள் போடுகிற சத்தத்தில் பக்கத்து வீட்டு நாயே பயந்துவிடும். பயப்பட ஒன்றும் இல்லை என்று எழுதக் கை போனது. எழுதவில்லை. எனக்குத் தெரியாது பாப்பா, தெரிந்ததும் அது எதுவானாலும் உனக்குச் சொல்கிறேன்.

நீங்கள் இரண்டு பேரும் எல்லா நலமும் பெற்று நீண்ட நாள் வாழ வேண்டும். குளிரில் காதை மூடிக்கொண்டு போ. வியாழக்கிழமை சாயந்திரம் போன் செய், டாக்டர் சொன்னதை அப்படியே சொல்கிறேன். நீயும் உன் உடம்புக்கு ஏதாவது என்றால் என்னிடம் மறைக்காதே.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்,
அப்பா