இந்தூரிலிருந்து கோயமுத்தூர் எத்தனை மணி நேரம்?

ராயபுரம், திருப்பூர்
2.12.2006

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி தனபால் எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம். நம் கம்பெனி டெய்லர் காசிமாயனைக் கட்டிக்கொண்டு நீ போய் நாலு வருடமாகிறது. இப்போதுதான் எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. எனக்குத் தை இருபத்தைந்தில் கல்யாணம். பெண் உடுமலைப்பேட்டை.

ஒரு விவரம் வேண்டும். இந்தூர் ஏர்போர்ட்டிலிருந்து கோயமுத்தூர் ஏர்போர்ட் எத்தனை கிலோமீட்டர்? பிளேனில் எத்தனை மணி நேரம்? அப்பா கேட்கச் சொன்னார். உடனே எழுது.

உன் தம்பி,
தனபால்

இந்தூர்
9.12.2006

அன்புத் தம்பிக்கு,

கல்யாணச் செய்தியைப் படித்துவிட்டுச் சந்தோஷத்தில் அழுதேன். அதென்ன 'டெய்லர்'? அவர் இப்போது சூப்பர்வைசர். எனக்குப் புருஷன், உனக்கு மச்சான். அடுத்த கடிதத்திலாவது ஒழுங்காக எழுது.

டிராவல்ஸில் விசாரித்தேன். நேராகப் பறந்தால் ஆயிரத்து முந்நூறு கிலோமீட்டர், இரண்டு மணி நேரம். ஆனால் நேராகப் போகிற பிளேனே கிடையாது. மும்பையில் இறங்கி, நாலு மணி நேரம் காத்திருந்து வேறு பிளேன் ஏற வேண்டும். மொத்தம் ஏழு மணி நேரம்.

எந்தத் தேதிக்கு டிக்கெட் என்று டிராவல்ஸ்காரர் கேட்டார். அப்புறம் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். தூரத்தைக் கேட்ட நீ, வா என்று எழுதவில்லையே. ஒன்றும் புரியவில்லை கண்ணு.

உன் அக்கா,
நித்யஸ்ரீ

ராயபுரம்
18.12.2006

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தால் நானும் குழம்பிப்போனேன். அப்பாவிடம் இரண்டு மணி நேரம் என்றேன். "ரெண்டு மணி நேரத்துல வர்ற தூரத்துல இருந்துக்கிட்டா நாலு வருசமா எட்டிப் பாக்கல?" என்று கத்தினார். வாசலை மிதிக்காதே என்று சொன்னவரே அவர்தான். அம்மாவிடம் ஏழு மணி நேரம் என்றேன். "அத்தன நேரம் உக்காந்தா புள்ளைக்கு இடுப்பு நோவுமே சாமி" என்று அழுதார்.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். முகூர்த்தத்துக்கு முன்னால் நடக்கும் இணைச்சீர்ச் சடங்கில் மாப்பிள்ளையோடு கூடப்பிறந்தவள் நிற்க வேண்டும். அவள் வர முடியாத தூரத்தில் இருந்தால்தான் பங்காளி வீட்டுப் பெண்ணை நிறுத்தலாம் என்கிறார், சீர் நடத்தும் அருமைக்காரர். பெரியப்பா மகள் மயிலாளை நிறுத்த அப்பாவுக்கு எண்ணம். இரண்டு மணி நேரம் என்றால் உன்னைக் கூப்பிட்டாக வேண்டும். ஏழு என்றால் வேண்டியதில்லை. நான் எதைச் சொல்லட்டும்?

தனபால்

இந்தூர்
26.12.2006

தனபால்,

இரண்டும் உண்மைதான். ஆனால் எதைச் சொன்னாலும் பொய்யாகிவிடும்.

மயிலாள் நல்ல பெண், அவளே நிற்கட்டும். எனக்கு வயிறு எரிகிறது, அதை மறைக்கப் போவதில்லை. பழியை மட்டும் பிளேன் மேல் போடாதே. அருமைக்காரர் கேட்டால், "நாங்க கூப்பிடலீங்க" என்று சொல். அது போதும்.

நித்யஸ்ரீ காசிமாயன்

ராயபுரம்
4.1.2007

அக்கா,

நேற்று அருமைக்காரர் வந்து தூரத்தைக் கேட்டார். அப்பா என் முகத்தையே பார்த்தார். "நாங்க கூப்பிடலீங்க" என்றேன். அப்பா எழுந்து செருப்பை மாட்டினார். "கூப்புடாட்டி அவளுக்கு வரத் தெரியாதா?" என்று சொல்லிவிட்டுக் கம்பெனிக்குப் போய்விட்டார். அது சம்மதமா கோபமா என்று அம்மாவுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

கல்யாணம் எனக்குத்தானே? நான் கூப்பிடுகிறேன். நீயும் மச்சானும் வாருங்கள். இணைச்சீரில் அக்காவே நிற்பாள் என்று மயிலாளிடம் இன்று காலையே சொல்லிவிட்டேன்.

தம்பி,
தனபால்