போர்வெல் விட்ட மூச்சு

காரமடை
25.7.94

அன்புள்ள பத்மாவதிக்கு,

நான் நலம். உன் சம்பங்கிச் செடியும் நலம். கல்லை ஆராயும் வேலைக்கு ஹைதராபாத் போனவள் இரண்டு வருடமாக வீட்டுப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை என்பதுதான் குறை.

தோட்டத்தில் போர்வெல் போட்டேன். தண்ணீர் இல்லை, காற்றுதான். சாயங்காலம் ஊதுகிறது, காலையில் உள்ளே இழுக்கிறது. குழாய் வாயை மூடிய துண்டையும் விழுங்கிவிட்டது. “ஏனுங்க, உள்ள ஆரோ இருக்கறாங்க” என்று சொல்லிப் போன தோட்டத்து ஆள் சென்னிமலை, வேலைக்கே வருவதில்லை.

வெளியே வந்த கல் சில்லு ஒன்று அனுப்பியிருக்கிறேன். என்னவென்று சொல்.

உன் கணவன்
அரங்கசாமி

ஹைதராபாத்
3.8.94

அன்புள்ள உங்களுக்கு,

கல்லில் ஒரு துணுக்கை வெட்டி, வெளிச்சம் ஊடுருவும் அளவுக்குத் தேய்த்து, கண்ணாடித் தகட்டில் ஒட்டி, மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். எரிமலைக் குழம்பு. நூறு கோடி வருடத்துக்கு முன்பே நம் தோட்டத்துக்கடியில் ஒரு விரிசலில் ஏறி, மேலே வர முடியாமல் உறைந்திருக்கிறது. படிகங்கள் பொடிப்பொடியாக இருப்பதால் சீக்கிரம் ஆறியிருக்கும். ஆறும்போது சுருங்கி வெடிப்பு விட்டிருக்கும். வெளியே காற்றழுத்தம் குறைந்தால் வெடிப்பிலுள்ள காற்று வெளிவரும், கூடினால் உள்ளே போகும். பயப்பட ஒன்றுமில்லை.

காலையில் புகை போட்டு, எங்கே வெளிவருகிறது என்று பாருங்கள். என்னைக் குறை சொல்கிறீர்களே, நீங்கள் ஒரு தடவையாவது இங்கே வந்தீர்களா?

பத்மா

காரமடை
13.8.94

அன்புள்ள பத்மா,

நேற்று ஆடி வெள்ளி. சாம்பிராணிச் சட்டியைக் குழாய் வாயருகே வைத்தேன். புகை முழுதும் உள்ளே போனது. தோட்டம், பழைய கிணறு, பக்கத்துக் காடு எல்லாம் தேடினேன். எங்கும் வெளிவரவில்லை.

ஆள் யாரும் இல்லாததால் குனிந்து, “ஏனுங்க அம்மணி, ஊட்டுக்கு வாங்க” என்று உன்னை மரியாதையாகவே கூப்பிட்டேன். சிரிக்காதே. நீ இல்லாத வீட்டில் இருக்கப் பிடிக்கவில்லை.

அதற்கப்புறம் காற்று வருவதுமில்லை, போவதுமில்லை.

அரங்கசாமி

ஹைதராபாத்
18.8.94

அன்புள்ள உங்களுக்கு,

கடிதம் இன்று கிடைத்தது.

நான் இருக்கும் வீடு பாறை மேல் கட்டியது. வெள்ளிக்கிழமை காலை தரை வெடிப்பிலிருந்து சாம்பிராணிப் புகை வந்தது. பிறகு உங்கள் குரல், நீங்கள் எழுதிய அதே வார்த்தைகள். ஏக்கத்தில் அப்படித் தோன்றுகிறது என்று இருந்துவிட்டேன். அங்கிருந்து இங்கே புகை வர, நான் படித்த எதிலும் வழியில்லை.

நான் பதில் சொல்லவில்லை. வாய் திறக்கும் முன்பே, தரைக்கடியிலிருந்து யாரோ என் குரலில், “வாரேனுங்க” என்றார்கள்.

வேலையை விட்டுவிட்டேன். இனி உங்களோடுதான். ஆனால் ரயில் டிக்கெட் இருபத்தாறாம் தேதிக்குத்தான் கிடைத்தது. இந்தக் கடிதமாவது அந்தக் குரலுக்கு முன்னால் வந்துவிடும் என்று நம்புகிறேன்.

நீங்கள் அனுப்பிய கல் என் கையில் இருக்கும். அதைக் காட்டாமல் நான் வந்து நின்றால் கதவைத் திறக்காதீர்கள்.

உங்கள்
பத்மா